அகழியின் மூலை

ட்ரோன் எடுத்த படத்தைத் தொல்லியல் ஆய்வாளர் இமோஜன் வேலிக் கதவின் மேல் சாய்த்து வைத்தாள்.

அந்தக் கோடையில் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் மழையே இல்லை. மேய்ச்சல் நிலம் முழுக்கக் கருகிக் கிடந்தது. நடுவில் மட்டும், மூலைகள் மழுங்கிய சீட்டாட்டச் சீட்டின் விளிம்பு போல ஒரு பச்சைக் கோடு.

ரோமானியப் படை ஓரிரு இரவு தங்கத் தோண்டிய அகழி. எப்போதோ தூர்ந்துபோனது. ஆனால் ஒருமுறை தோண்டிய மண்ணில் ஈரம் நிற்கும், வறட்சியில் புல் காட்டிக் கொடுத்துவிடும் என்றாள்.

நிலம் ஹெட்லியுடையது. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் நாட்ரஸையும் பார்க்க வரவழைத்திருந்தார்.

"இந்த மூலையைப் பாருங்க. இங்க மட்டும் பச்சை தூக்கலா இருக்கு. இது ரோமானியர் வேலை இல்ல. யாரோ இப்பத்தான் தோண்டியிருக்காங்க," என்றாள் இமோஜன்.

ஹெட்லிக்கு முகம் சுட்டது. புல் இப்படிச் செய்யும் என்று தெரிந்திருந்தால் யாரையும் அழைத்திருக்கவே மாட்டார்.

போன வருஷம், ஆடுகள் குட்டி போடும் சமயம். நாட்ரஸின் நாய் டெஸ் மந்தைக்குள் நின்றது. குட்டிகளைக் குதறுகிறது என்று நினைத்து ஹெட்லி சுட்டுவிட்டார். குதறும் நாயைச் சுட்டால் அங்கே யாரும் குறை சொல்வதில்லை. கிட்டே போய்ப் பார்த்தால், ஒரு குட்டியின் மேலும் கீறல்கூட இல்லை.

மற்ற இடமெல்லாம் பாறை. நாயைப் புதைக்க, அகழி மண்தான் மண்வெட்டிக்கு இளகிக் கொடுத்தது.

அன்று மாலையே நாட்ரஸ் வந்து, நாயைப் பார்த்தாயா என்று கேட்டார். தனிக்கட்டை மனிதர். வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே உயிர் அதுதான்.

ஹெட்லிக்குச் சொல்ல வாய் வரவில்லை. கூடவே தேடக் கிளம்பினார். தொண்டை கட்டும்வரை டெஸ், டெஸ் என்று கத்தினார். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"ஆடு," என்றார் ஹெட்லி இமோஜனிடம். "செத்துப்போன ஆடு."

செத்த ஆட்டைப் புதைப்பதற்கும் அங்கே தடை உண்டு. என் காதில் விழவில்லை என்று சிரித்தபடி, இமோஜன் ட்ரோனை எடுக்க நடந்தாள்.

பொய் எடுபட்டுவிட்டது. ஹெட்லிக்கு மூச்சு வந்தது.

நாட்ரஸ் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"அன்னைக்கு ஊரெல்லாம் சுத்தினோம் ஹெட்லி. இந்த நிலத்துக்கு மட்டும் நீ என்னைக் கூட்டிட்டு வரல. நீயா சொல்லுவேன்னுதான்பா இத்தனை நாளும் பேசாம இருந்தேன்."