குடை பிடித்த கை

பிற்பகல் வெயில் கம்ப்யூட்டர் கடையின் திரையில் பட்டுக் கூசுகிறது. அம்மாவின் நினைவுக் கூட்டத்துக்குச் செய்த ஸ்லைடு ஃபைல் திறக்கவே மாட்டேனென்கிறது. நகத்தைக் கடித்தபடி நிற்கிறாள் அந்தப் பெண். கடைக்காரர் ஃபைல் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் வாலை அழித்து ‘ஜிப்’ என்று மாற்றுகிறார். அது பெட்டியைப் போலத் திறந்துகொள்ள, உள்ளே போட்ட படங்களெல்லாம் வரிசையாகத் தெரிகின்றன. ஒரு படத்தைப் பெரிதாக்கி, "அம்மா, நீங்க... இதுல இன்னொருத்தர் இருக்காங்களே, யாருங்க?" என்கிறார். "எங்கக்கா. பேச்சுவார்த்தை இல்ல. அவளை வெட்டிட்டுதான் போட்டேன்." "ஸ்லைடுல வெட்டினா சும்மா மறைக்கும், அவ்வளவுதாங்க. முழுப் படமும் ஃபைலுக்குள்ளயே கிடக்கும்." அவள் குனிந்து பார்க்கிறாள். மழையில் அம்மாவும் அவளும் ஒரே குடையின் கீழ் சிரிக்கிறார்கள். குடையைப் பிடித்திருக்கும் கை அக்காவுடையது. அக்கா மட்டும் குடைக்கு வெளியே நின்று தொப்பலாக நனைந்துகொண்டிருக்கிறாள்.