யதுஷாவின் கை

மயிலம்மா கழுவித் துடைத்த கைகளில் யதுஷாவின் தங்க வளையல்களைப் போட்டுக்கொண்ட பிறகுதான் பிரசாந் கமராவை ஓட விட்டான்.

கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடு. கமரா மேலிருந்து கீழே பார்க்கும். சட்டியும் இரண்டு கைகளும் மட்டும் தெரியும்.

முகமும் குரலும் யதுஷாவுடையவை. தொடக்கத்தில் சிரித்தபடி வந்து வணக்கம் சொல்வாள். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்முறையைப் பேசிப் பதிவுசெய்வாள். சமைப்பது மயிலம்மா. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, ஐந்து வருடமாக அந்த வீட்டில் வேலை செய்கிறாள்.

யதுஷாவின் யூடியூப் சமையல் சனலைப் பார்க்கிற அறுபதாயிரம் பேருக்கும் அது தெரியாது. படம் பிடிப்பது, வெட்டி ஒட்டுவது, முகப்புப் படம் செய்வது எல்லாம் பிரசாந். கையைப் பற்றி யாராவது கேட்டால் அந்தக் கொமென்டை அழிப்பதும் அவன்தான். அது யதுஷாவின் உத்தரவு.

அன்று கத்தரிக்காய்ப் பால்கறி. தேங்காய்ப்பாலை விடும் நேரம் கடற்கரையோரமாக ரயில் போனது. சத்தம் அடங்கட்டும் என்று பிரசாந் லப்டொப்பைப் பார்த்தான். போன கிழமை போட்ட வீடியோவின் கீழே, படமில்லாத கணக்கொன்றிலிருந்து புதிதாக ஒரு கொமென்ட்.

"சமைக்கிற கை எங்க அம்மா கை மாதிரியே இருக்கு. அவங்க பேரு மயிலம்மாவா? சாப்பிட்டாங்களா?"

அழிக்கப் போனவன் பெயரைக் கண்டு நின்றான்.

மயிலம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அவன் மெதுவாக வாசித்துக் காட்டினான்.

அவள் அகப்பையைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டாள்.

"வெளிநாட்டுக்குப் பொறப்பட்ட அன்னிக்கு நான் என்ன கட்டிக் குடுத்தேன்னு கேளுங்க தம்பி."

அவன் எழுதினான். பால் கொதித்துத் திரைந்தது. இருவருமே அதைப் பார்க்கவில்லை.

பதில் வந்தது.

"ஒண்ணுமே கட்டிக் குடுக்கல. போகாதேன்னு கோவிச்சுக்கிட்டு அடுப்படிய விட்டு வெளிய வரவேயில்ல."

மயிலம்மா அடுப்பை அணைத்தாள். சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தாள்.

சமையல் சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்து யதுஷா அறையிலிருந்து வெளியே வந்தாள். மயிலம்மாவின் மகள் எழுதுகிறாள் என்று பிரசாந் சொன்னான்.

யதுஷா குரலைத் தாழ்த்தினாள்.

"அவவுக்கு இப்ப மகள் இல்லை, பிரசாந். சித்திரையில கருமாதி செய்யப் போக நான்தான் லீவு குடுத்தனான்."

மகள் நிரோஷா குவைத்துக்குப் போய் ஆறு வருடம். முதல் வருடத்தோடு பேச்சு நின்றது. அதே வருடம் மண்சரிவில் லயத்து வீடும், அவளுடைய இலக்கம் இருந்த கைபேசியும் போயின. இந்த வருடம் அங்கிருந்து திரும்பிய ஒருத்தி, நிரோஷா செத்துப்போனதாகச் சொன்னாள். உடல் வரவில்லை. படத்தை வைத்துக் காரியம் செய்தார்கள்.

யதுஷா கேள்வியையும் பதிலையும் வாசித்தாள். திரும்ப வாசித்தாள். பிறகு பிரசாந்தை நகரச் சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்கும் அந்த இடத்திலேயே எழுதினாள்.

"இது உங்கட அம்மாவின்ட கைதான். எங்கட வீட்டிலதான் இருக்கிறா. இந்த நம்பருக்கு எடுங்கோ."

கீழே தன் கைபேசி இலக்கத்தைப் போட்டாள். அனுப்பினாள்.

கைபேசியை மயிலம்மாவின் மடியில் வைத்துவிட்டு அவளருகே தரையில் உட்கார்ந்தாள். கொமென்ட் வந்த உடனேயே அவன் கண்டது நல்லதாய்ப் போயிற்று என்று பிரசாந்திடம் சொன்னாள்.

அவன் தலையாட்டினான்.

அதே கணக்கிலிருந்து முன்பும் மூன்று கொமென்ட் வந்திருந்தன. அவற்றில் பெயர் இருக்கவில்லை. அந்தக் கைக்காரம்மா சாப்பிட்டாங்களா என்று மட்டும் கேட்டிருந்தது. மூன்றையும் அவன் அழித்திருந்தான்.

முதலாவது வந்தது கருமாதிக்கு இரண்டு மாதம் முன்பு.