ஒன்றுகூடத் தவறவில்லை

ராயப்பேட்டை அலுவலகத்தில் மஹ்விஷ், ஆம்புலன்ஸ் அழைப்புகளை ஏற்கும் மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருந்தாள். போலி அழைப்புகளை ஆயிரக்கணக்கில் அனுப்பியபடி, எட்டு சர்வர்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தி, எத்தனை அழைப்புகள் தவறுகின்றன என்று எண்ணுவது அவள் வேலை. எட்டும் நின்ற பிறகும் ஒன்றுகூடத் தவறவில்லை.

மென்பொருளை எழுதிய ஷோயப் மேல் அவளுக்குச் சந்தேகம் வந்தது. “பாஸாகணும்னு ஒன்பதாவதா ஒண்ண எங்கயாவது ஒளிச்சு ஓடவுட்டிருக்கியா?”

“அல்லா மேல சத்தியமா இல்ல. நீயே பாரு” என்றபடி அவன் எல்லா பிளக்குகளையும் பிடுங்கினான். சர்வர்களில் மிச்சமிருந்த மின்விசிறி இரைச்சலும் அடங்கியது. மஹ்விஷின் மடிக்கணினித் திரையில் அழைப்புகளுக்குப் பதில்கள் வந்துகொண்டே இருந்தன.

மஹ்விஷ் அழைப்புகளை அனுப்புவதையும் நிறுத்தினாள். ஒரு நிமிடம் திரை அசையவில்லை. பிறகு ஒரே ஒரு பதில் வந்தது. அதில் அவர்கள் அலுவலகத்தின் முகவரி இருந்தது. “இரண்டு பேர். வண்டி கிளம்பிவிட்டது.”