பனி தங்காத உருளை

எரிந்து முடிந்த அணு எரிபொருளை இறக்கிவிட்டு, காலி இரும்பு உருளைகளை சைபீரிய ரயில் முற்றத்திலிருந்து திருப்பி அனுப்புவார்கள். கதிர்வீச்சை அளந்து கையெழுத்திடுபவள் ரயீசா.

அன்று மூன்று உருளைகள்மேல் பனி குவிந்திருந்தது. நான்காவதில் பொட்டுப் பனிகூட இல்லை. உள்ளே எரிபொருள் மிச்சம் இருந்தால்தான் பனி உருகும் அளவுக்குச் சுடும். அளந்தாள், கதிர்வீச்சு இல்லை. மூடியைத் திறந்து பார்த்தாள். காலி. கதிர்வீச்சு இல்லை. உருளைமேல் வைத்த வெப்பமானியும் மைனஸ் முப்பது என்றது.

“அதுக்குக் குளிருதாம் அக்கா, ஸ்வெட்டர் பின்னிக் குடுங்க,” என்றான் கிரேன் ஓட்டும் கென்னாடி.

“முதல்ல உன் வாய்க்கு ஒண்ணு பின்றேன்டா!”

கையுறையைக் கழற்றித் தொட்டாள். அந்தக் குளிரில் தோலை உரிக்க வேண்டிய இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. கையை அளந்தாள், சுத்தம். சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டாள்.

மாலையில் வீட்டில் அவள் அதே கையால் பிசைந்த ரொட்டி மாவு பாத்திரம் தாண்டிப் பொங்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஈஸ்ட் பொட்டலத்தை அவள் இன்னும் பிரிக்கவே இல்லை.