விழப் பழகுதல்

"கைய ஊணாதீங்க அப்பு. ஊணுற கைதான் ஒடியும்."

அன்று காலை நான்காவது முறையாகக் குஸ்திக் கோதாவில் குப்புற விழுந்து கிடந்த சூசையிடம் வஸ்தாது நைனா முகமது சொன்னார்.

சூசை எழுந்து வாயிலிருந்த மண்ணைத் துப்பினார். வயது நாற்பது. சுருட்டுக் கம்பெனியில் மேஸ்திரி. பதினைந்து வருஷமாக உட்கார்ந்தே சம்பாதித்த தொந்தி. அதற்கு லங்கோடு கட்டிவிடவே பேகம்பூர்ப் பயில்வான்கள் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

ஆனால் வேறு வழியில்லை. பெரிய வெள்ளிக்கு இன்னும் முப்பத்தொரு நாள்தான் இருந்தது.

அன்றைக்கு ஊர்ப் பாஸ்கா நாடகத்தில் அவர்தான் சேசுநாதர். தெற்குத் தெரு முனையிலிருந்து கோயில் வாசல்வரை வேலமரச் சிலுவையைச் சுமக்க வேண்டும். வழியில் மூன்று இடத்தில், பின்னால் வரும் ரோமைப் படைச் சேவகன் தோளைத் தொட்டதும் விழ வேண்டும். அதுவும் சரளைக்கல் தெருவில்.

ஒன்பது வருஷமாக அந்த வேஷத்தைக் கட்டிய ஆரோக்கியதாஸ், போன வருஷம் மூன்றாவது தடவை விழுந்தபோது வலது முழங்கையை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்டும் கை மடங்கவில்லை. இப்போது இடது கையால்தான் சாப்பிடுகிறார். அதனாலேயே விருந்து வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டார்.

இன்னொரு எலும்பு ஒடிந்தால் இந்த ஊரில் இனிமேல் பாஸ்காவே கிடையாது என்று சாமியார் பூசையில் வைத்தே சொல்லிவிட்டார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தபோது சூசைதான் எழுந்து, நான் கட்டுகிறேன், அதற்குள் உடம்பைத் தேற்றிக்கொள்கிறேன் என்றார்.

சொல்வது சுலபம். எங்கே போய்த் தேற்றுவது என்பதற்குத்தான் மனிதர் ஒரு வாரம் சைக்கிள் மிதித்தார்.

முதலில் சிலம்பம். சடையாண்டி கம்பைச் சுழற்றினால் மழைத்துளிகூட உள்ளே விழாது என்று பேர். "ஒரு மாசம் பழகுங்கண்ணே. தூக்கத்துல அடிச்சாக்கூட ஒங்க கை தானா எந்திரிச்சுத் தடுக்கும்" என்றான் அவன் பெருமையாக.

சூசை அவனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அடுத்தது குத்துச்சண்டை. பட்டாளத்திலிருந்து திரும்பிய வேலுசாமி மைதானத்தில் நாலு பேருக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அடி வருவதற்குள் விலகிவிடுவதுதான் இதில் பாதி வித்தை என்றார். மறுநாள் சூசை அந்தப் பக்கமே போகவில்லை.

"கத்திரிக்காயா வாங்கப் போறீக, அமுக்கி அமுக்கிப் பாக்குறதுக்கு?" என்று வீட்டில் ரோஸ்மேரி கேட்டாள். அவளிடமும் அவர் காரணம் சொல்லவில்லை.

கோதாவில்தான் முதல் நாளே விழச் சொன்னார்கள். கொத்திப் புரட்டி, நல்லெண்ணெயும் மஞ்சளும் கலந்துவிட்ட செம்மண். தாடையை நெஞ்சோடு சேர்க்க வேண்டும், மூச்சை விட வேண்டும், தோளைக் கொடுத்து உருண்டுவிட வேண்டும். சூசைக்கு உடம்பெல்லாம் வலித்தது, மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அவர் தேடியது இதைத்தான்.

பத்தாம் நாள் காலை, ஏழாவது முறை, கை ஊன்றாமல் விழுந்தார். பயில்வான்கள் கைதட்டினார்கள். பிறகு அவரவர் தண்டால் எடுக்கப் போய்விட்டார்கள்.

நைனா முகமது துண்டை நீட்டினார். அவருக்கும் சூசை வயதுதான் இருக்கும். "தேறிட்டீக. நாளைக்கு ஒங்களத் தள்ளுற சேவகரையும் கூட்டியாங்க. எங்க கை வைப்பாரு, எம்புட்டு வேகமா வைப்பாருன்னு சேந்து பழகிக்கிருவம்."

"அவரு வரமாட்டாரு பாய்."

"யாரு அவரு?"

"ஆரோக்கியதாஸ்."

சூசை முன்பே சொல்லியிருந்த அந்தக் கை மடங்காத மனிதரையா சேவகனாகப் போட்டிருக்கிறார்கள் என்று நைனா முகமது விழித்தார்.

சூசை கோதாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லாததை, பத்து நாள் பழக்கமான ஒரு மனிதரிடம் சொல்ல வாய் வந்தது.

அந்த ஒன்பது வருஷமும் சேவகன் வேஷம் கட்டியது சூசை. தோளைத் தொட்டால் போதும், விழுவது சேசுநாதர் பாடு. அதுதான் வழக்கம். எட்டு வருஷம் தொட்டார். ஒன்பதாவது வருஷம், அந்த வாரம்தான் பொதுக் கிணற்றுத் தண்ணீர் முறையில் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. மூன்றாவது இடம் வந்தபோது, சூசை தள்ளிவிட்டார். இரண்டு கையாலும், ஆத்திரம் தீர.

கல் தடுக்கிவிட்டது என்று ஊர் நம்பியது. ஆரோக்கியதாசும் கேட்டவர்களிடமெல்லாம் அப்படியேதான் சொன்னார். அதுதான் சூசையை ஒரு வருஷமாகத் தூங்கவிடாமல் அடித்தது.

இந்தத் தடவை அவரே ஆரோக்கியதாஸ் வீட்டுக்குப் போய், சேவகன் வேஷத்தை நீங்கதான் கட்ட வேண்டும் என்று கேட்டார். ஆரோக்கியதாஸ் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

"அவரு எப்படித் தள்ளினாலும் நான் தடுக்கக் கூடாது பாய். விலகவும் கூடாது. ஆனா எலும்பு ஒடிஞ்சு ஊருக்குப் பாஸ்கா இல்லாமப் போயிறவும் கூடாது" என்றார் சூசை.

நைனா முகமது அந்தச் செம்மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அப்ப இந்த மெத்து மண்ணு ஒங்களுக்கு ஆகாது அப்பு. எந்திரிங்க, தெருவுக்குப் போவம்."