வெறுந்தலைத் திங்கட்கிழமை

புதிதாக வந்த கலெக்டரம்மா முதல் நாளே தபேதார் மாசிலாமணியிடம், "இந்த வேஷமெல்லாம் எதுக்குண்ணே? நாளையிலேர்ந்து சாதாச் சட்டையில வாங்க" என்றார். தலைப்பாகை நவாபு காலத்தது. மார்பின் குறுக்கே போகும் சிவப்பு டவாலி வெள்ளைக்காரன் கொடுத்தது. அதன் பித்தளை வில்லையில் கிரீடத்தை எடுத்துவிட்டுச் சிங்கத்தை வைத்தது மட்டும்தான் சுதந்திர அரசாங்கத்தின் வேலை. எல்லாவற்றையும் கழற்றிய பிறகு தான் யார் என்று மாசிலாமணிக்கே சந்தேகமாகிவிட்டது.

திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். மாசிலாமணி வெறுந்தலையோடு கலெக்டரம்மாவுக்கு முன்னால் நடந்து, "வழி விடுங்க, கலெக்டர் வர்றாங்க" என்றார். ஒருவரும் அசையவில்லை.

"போய்யா, விடியக்காலையிலேர்ந்து நிக்கிறோம். புதுசா கதை விடுறான்" என்றாள் ஒருத்தி. கலெக்டரின் கையைப் பிடித்துத் தனக்குப் பின்னால் நிறுத்தினாள். "நீயும் வரிசையில நில்லு தாயி."

கலெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மாசிலாமணியைப் பார்த்து மெதுவாக, "அண்ணே, போய் அதைக் கட்டிட்டு வந்துருங்க" என்றார்.

மாசிலாமணி அறைக்குள் போய்க் கண்ணாடி முன் நின்றார். ஒன்பது முழத் துணி. வெளியே கலெக்டர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். மூன்றாவது சுற்றில் ஒரு மடிப்பு லேசாகப் பிசகியது. முழுவதையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து கட்டத் தொடங்கினார்.