கூடவே வந்த ரீங்காரம்

"இன்னொரு தடவை போட்டுக் காட்டுறேன், நல்லா கேளுங்கக்கா. உங்க வாத்தியத்துக்குள்ள விரிசல் இருக்கு" என்றார் ஒலிப்பதிவாளர்.

"விரிசல் உங்க சுவத்துலதான் இருக்கு தம்பி. காலையில வந்ததிலேர்ந்து பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றார் வாசிக்க வந்த அக்கா.

அவர் வாசிப்பது கான்ட்ராபாஸ் கிளாரினெட். சாதாரண கிளாரினெட்டுக்குக் கொள்ளுத்தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் உயரம், மடித்து வளைத்த குழாய், கப்பல் கிளம்புவது போன்ற குரல். இசைக் கல்லூரியிலிருக்கும் இந்த ஒன்றை விட்டால் சுற்றுவட்டாரத்தில் வேறு கிடையாது. ஊதத் தெரிந்தவரும் இந்த அக்கா ஒருவர்தான். இன்னொருவர் இருந்தார். ஒருமுறை அதைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினார். இறங்கும்போது புல்லாங்குழல் வித்வானாக இறங்கினார்.

இப்படிப்பட்ட அபூர்வ வாத்தியங்களின் ஒலியைச் சுரம் சுரமாகப் பிடித்துச் சேமிப்பதுதான் ஒலிப்பதிவாளரின் தொழில். ஒரே சுரத்தை மெல்ல, நடுத்தரமாக, பலமாக என்று நாலு நாலு தடவை பதிவு செய்வார். பிறகு எந்த ஊர் இசையமைப்பாளரும் கணினியோடு சேர்த்த கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டினால் போதும், கொள்ளுத்தாத்தா எழுந்து வந்து பாடுவார். வீட்டின் முன்னறைதான் பதிவுக்கூடம். சத்தத்தை உறிஞ்சும் மெத்தையைச் சுற்றிலும் ஒட்டியாகிவிட்டது, அரைச் சுவர்தான் பாக்கி.

காலையிலிருந்து வேலை அமர்க்களமாக நடந்தது. நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். மத்தியானம் போட்டுக் கேட்டால், அத்தனையிலும் வாத்தியத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு ரீங்காரம்.

ஒலிப்பதிவாளர் முதலில் ஃபிரிட்ஜை அணைத்தார். பிறகு மின்விசிறி. பிறகு மாடி வீட்டுக்காரரிடம் போய், தண்ணீர் மோட்டார் போடாதீர்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சிவிட்டு வந்தார். கடைசியில், "நீ மூச்சு விடறது மைக்ல விழுது" என்று மனைவியைக் கடைசி அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். மறுபடி பதிவு செய்தார்கள். ரீங்காரம் அப்படியே இருந்தது.

"சுரம் மாறினா அதுவும் கூடவே மாறுதுக்கா. ஃபிரிட்ஜுக்கு அதெல்லாம் தெரியுமா? குழாய்ல எங்கேயோ பத்தவச்ச இடம் விட்டிருக்கு."

"சுருதி இம்மி விலகாம வருதே தம்பி. விரிசலுக்கு எங்கேயிருந்து வந்தது இவ்வளவு சங்கீத ஞானம்?"

"என் காது பொய் சொல்லாது. தெருமுனையில வர்ற லாரிக்கு எந்தச் சக்கரத்துல காத்து குறையுதுன்னு இங்கேர்ந்தே சொல்வேன்."

"சொல்வீங்க. லாரிக்காரர் ஒத்துக்கணுமே!"

மேஜைமேல் கல்லூரியின் படிவம் இருந்தது. நாலு மணிக்கு வண்டி வந்துவிடும். வாத்தியம் எந்த நிலையில் திரும்பி வருகிறது என்று இரவல் வாங்கியவர் எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஒலிப்பதிவாளர் பேனாவைத் திறந்தார்.

அக்கா படிவத்தின்மேல் கையை வைத்தார்.

"விரிசல்னு ஒரு வார்த்தை எழுதினீங்கன்னா, இது கண்ணாடிப் பெட்டிக்குள்ள போயிடும். நான் வீட்டுக்குள்ள போயிடுவேன். இருபத்திரெண்டு வருஷம் தம்பி. பெத்த பிள்ளைங்களைக்கூட நான் இவ்வளவு தூக்கிச் சுமந்ததில்லை."

"எனக்கு மட்டும் ஆசையாக்கா? இருக்கறதைத்தானே எழுதணும்?"

"சரி, மைக்கைப் போடுங்க. நான் வாயில வச்சுக்கறேன், விரலை வைக்கறேன், கன்னத்தையும் உப்பறேன். ஆனா ஒரு பொட்டு காத்து விட மாட்டேன். ஊதாத குழாய்ல விரிசல் எப்படிப் பாடும்? ரீங்காரம் வரலைன்னா நீங்க நினைச்சதை எழுதிக்குங்க. வந்துச்சுன்னா என் வாத்தியம் நிரபராதி."

ஒலிப்பதிவாளருக்குச் சிரிப்பு வந்தது. தானாக வந்து மாட்டிக்கொள்கிறாரே!

இருவரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள். வழக்கம்போல அதில் வாசிக்க வேண்டிய சுரமும், தாளத்துக்கான டிக்டிக்கும் காதை அடைத்துக்கொண்டு ஓடின. ஒலிப்பதிவாளர் கையைக் காட்டினார். அக்கா கன்னத்தை உப்பி, கண்ணை உருட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊதாமல் ஊதினார். ஜெயித்தாகிவிட்டது என்ற தெம்பில் ஒலிப்பதிவாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பன்னிரண்டு எண்ணியதும் நிறுத்தினார்.

பதிவைப் பெரிய ஒலிபெருக்கியில் போட்டார். முதலில் ஒன்றுமே இல்லை.

"பார்த்தீங்களாக்கா, நான்தான்..." என்று ஆரம்பித்தவர் வாயை மூடினார்.

வந்தது. வாத்தியத்தின் துணையே இல்லாமல், தன்னந்தனியாக, சுருதி சுத்தமாக, அதே ரீங்காரம்.

அக்கா கொள்ளுத்தாத்தாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "இப்போ எழுதுங்க தம்பி. 'நல்ல நிலையில்'னு எழுதுங்க. கையெழுத்து கோணாம இருக்கட்டும்."

ஒலிப்பதிவாளர் எழுதினார். ஆனால் மனசு ஆறவில்லை. "அப்போ இது எங்கேர்ந்துதான் வருது?" என்று சத்தத்தை முழுக்கத் திருகினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

கடைசி அறையின் கதவு திறந்தது. மனைவி தலையை நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னங்க, வேலை அவ்வளவு பிரமாதமா போகுதா? மனசு குளிர்ந்துச்சுன்னா வாயை மூடிக்கிட்டே மூக்கால ஒரு ராகம் இழுப்பீங்களே... கல்யாணமாகிப் பதினாறு வருஷத்துல இவ்வளவு சத்தமா இன்னிக்குத்தான் கேக்கறேன்!"